பண்ணைப்புரத்து நால்வர்

பண்ணைப்புரம், தேனி மாவட்டம்



பாவலர் பிரதர்ஸ் இசைக்குழுவின் சொந்த ஊர் பண்ணைப்புரம். உத்தமபாளையத்திலிருந்து கோம்பை வழியாகத் தேவாரம் போகிற சாலையில், மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் இருக்கிறது. கம்பம் பள்ளத்தாக்கு என்றதும் நினைவுக்கு வருகிற நெல் வயலும் பன்னீர் திராட்சைப் பந்தலும் முல்லைப் பெரியாற்றுத் தண்ணீர் பாயும் பக்கத்துக்கு உரியவை. மலைக்கு மேலே ஏலமும் தேயிலையும். கீழேயிருந்து தோட்ட வேலைக்கு மலையேறுகிறவர்கள் அன்றும் உண்டு, இன்றும் உண்டு. இந்தப் போக்குவரத்தை விட்டுவிட்டுக் குழுவின் கதையைச் சொல்ல முடியாது. அதற்குப் பெயர் வாங்கித் தந்த கூட்டம் மலைமேல்தான் கூடியது.

குழுவின் தலைவர் பாவலர் வரதராஜன். பாட்டுக் கட்டுவதும் பாடுவதும் கூட்டத்தை நடத்துவதும் அவரே. கம்யூனிஸ்ட் கட்சி மேடைகள்தான் அவருக்குக் களம். தம்பிகள் பாஸ்கர், ராசையா, அமர்சிங் மூவரும் ஒவ்வொருவராக வந்து சேர்ந்தார்கள். 1943இல் பிறந்த ராசையா, அதாவது பின்னாளின் இளையராஜா, சேர்ந்தபோது அவருக்கு வயது பதினான்கு. அதே 1943இல் லிவர்பூலில் பிறந்த ஜார்ஜ் ஹாரிசன், பின்னால் பீட்டில்ஸ் ஆன குவாரிமென் குழுவில் கிதாரோடு சேர்ந்த ஆண்டு 1958. இரண்டு ஊர்க்காரர்களுக்கும் ஒருவரையொருவர் தெரிய வழியில்லை. ஆனாலும் பண்ணைப்புரத்துப் பிள்ளைகளும் பஸ் ஊழியர் வீட்டு லிவர்பூல் பிள்ளையும் பள்ளிக்கூடத்தை விட மேடையிலேயே அதிகம் கற்ற காலம் அது.

ராசையாவுக்கு முதலில் கிடைத்தது பெண் குரல் பகுதிகள். குரல் உடைந்ததும் அந்த வேலை தம்பி அமர்சிங்குக்குப் போயிற்று. ராசையா ஆர்மோனியத்துக்கு நகர்ந்தார். அண்ணன் இல்லாத நேரத்தில் அந்தப் பெட்டியைத் தொட்டு அடி வாங்கியதை இளையராஜாவே பின்னாளில் மேடைகளில் சொல்லியிருக்கிறார். குழுவின் உத்தி எளியது: எல்லோருக்கும் தெரிந்த சினிமா மெட்டை எடுத்துக்கொண்டு அதில் புது வரிகளை ஏற்றுவது. மெட்டு பழகியது என்பதால் கூட்டத்தின் காது முழுவதும் சொல்லின் பக்கம் திரும்பும். எந்த இடத்தில் கை தட்டல் விழும், எங்கே நிறுத்த வேண்டும், தாளத்தை எப்போது இறுக்க வேண்டும் என்பதை எந்தப் பள்ளியிலும் சொல்லித் தருவதில்லை. இந்தக் குழு இளையராஜாவுக்குக் கொடுத்தவற்றில் ஆர்மோனியப் பயிற்சியை விட இதுவே பெரியது.

குழுவின் புகழ்பெற்ற களம் மலைமேல் இருக்கிற தேவிகுளம். 1957இல் கேரளத்தில் இ.எம்.எஸ். நம்பூதிரிபாட் அமைத்த அரசுக்கு 126 இடங்களில் 65 பேரின் ஆதரவுதான் இருந்தது. தேவிகுளத்தில் ரோசம்மா புன்னூஸ் பெற்ற வெற்றி செல்லாது என்று ஆனதால் 1958இல் அங்கே இடைத்தேர்தல் வந்தது. அரசே ஆட்டம் காணலாம் என்ற நிலை. வாக்காளர்களில் பெரும்பகுதி தமிழ்த் தோட்டத் தொழிலாளிகள். மலையாளப் பேச்சு அவர்களிடம் எடுபடாது. போடிமெட்டு வழியாக ஏறினால் எட்டிவிடும் அந்தத் தோட்டங்களில் பாவலர் பாடினார். காங்கிரசின் இரட்டைக் காளைச் சின்னத்தைக் கிண்டல் செய்த அவருடைய பாட்டு லயன் வீடுதோறும் பரவியது. ரோசம்மா மறுபடியும் வென்றார். அந்த வெற்றி பாவலருக்கே உரியது என்று இ.எம்.எஸ். சொன்னதாக இன்றும் பேசப்படுகிறது. பாட்டு மட்டுமே தேர்தலை வென்றுவிடாது, தொழிற்சங்கத்துக்கும் அதில் பெரும் பங்கு உண்டு. ஆனால் அந்தச் சங்கத்தின் குரலை வீட்டுக்குள் கொண்டுபோனது பாட்டுதான்.

அடுத்த பத்தாண்டு ஊர் ஊராகக் கச்சேரி. அல்லிநகரத்துச் சின்னச்சாமி, அதாவது பின்னாளின் பாரதிராஜா, சுகாதாரத் துறையில் மலேரியா ஒழிப்பு வேலை பார்த்தபோது இவர்களுக்கு நண்பரானார். 1964இல் நேரு மறைந்தபோது கண்ணதாசன் எழுதிய இரங்கற்பாவுக்கு மெட்டமைத்ததே ராசையாவின் முதல் சொந்த இசையமைப்பு என்பார்கள். கட்சி மேடையில் காங்கிரஸ் காளையைக் கிண்டல் செய்த குழுவிலிருந்து நேருவுக்கு ஓர் அஞ்சலி வந்தது சுவையான செய்தி.

அறுபதுகளின் கடைசியில் தம்பிகள் சென்னைக்குப் போனார்கள். ராசையா தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசை படித்தார், ஜி.கே. வெங்கடேஷிடம் உதவியாளராக இருந்தார். 1976இல் பஞ்சு அருணாசலத்தின் 'அன்னக்கிளி' வந்தபோது அதைக் கேட்கப் பாவலர் இல்லை. குழு கலைந்தது, குடும்பம் கலையவில்லை: அமர்சிங், கங்கை அமரனாகி 1977இல் '16 வயதினிலே'வுக்குச் 'செந்தூரப்பூவே' எழுதினார், 1989இல் 'கரகாட்டக்காரன்' இயக்கினார். பாஸ்கர் 1981இல் அண்ணன் பெயரில் அமைந்த பாவலர் கிரியேஷன்ஸ் மூலம் பாரதிராஜாவின் 'அலைகள் ஓய்வதில்லை'யைத் தயாரித்தார்.

2025 மார்ச் 8இல் இளையராஜாவின் 'வேலியன்ட்' சிம்பொனி லண்டன் ஹாமர்ஸ்மித்தில் உள்ள ஈவென்டிம் அப்பல்லோ அரங்கில் அரங்கேறியது. ஹாமர்ஸ்மித் ஓடியன் என்ற பழைய பெயரில் ராக் ரசிகர்களுக்கு நன்கு தெரிந்த இடம் அது. 1964 கிறிஸ்துமஸ் காலத்தில் பீட்டில்ஸ் அங்கே தொடர்ந்து நிகழ்ச்சி நடத்தினார்கள். 1975 கிறிஸ்துமஸுக்கு முந்தைய இரவு குயீன் குழு பாடியதும் அங்கேதான். ஜார்ஜ் ஹாரிசன் அந்த மேடையில் நின்ற நாட்களில், ராசையா அண்ணனோடு மதுரைப் பக்கத்து மேடைகளில் ஆர்மோனியம் வாசித்துக்கொண்டிருந்தார்.