வாங்கியவர் சொல்லும் வழி

சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாகப் புதுச்சேரி போகிற பஸ்ஸில் இடது பக்க ஜன்னலுக்குத்தான் எப்போதும் போட்டி. கடல் அந்தப் பக்கம். மரக்காணம் வந்ததும் அந்தப் பேதம் போய்விடும். எந்த ஜன்னலில் பார்த்தாலும் உப்பளம்தான். பாத்தி பாத்தியாகத் தண்ணீர், வரப்போரம் வெள்ளைக் குவியல்கள், சில குவியல்களின் மேல் கீற்று. தூத்துக்குடிக்கும் வேதாரண்யத்துக்கும் இருக்கிற பேர் மரக்காணத்துக்கு இல்லை. ஆனாலும் இந்தக் கரையில் உப்பை நம்பிப் பிழைக்கிற குடும்பங்கள் ஏராளம்.

பங்குனி வெயிலில் நான் போய் இறங்கியபோது அன்றைய வேலை முடிகிற நேரம். உப்பு வாருகிறவர்கள் இருட்டு விலகும் முன்பே பாத்தியில் இறங்கிவிடுவார்கள். வெயில் ஏறிவிட்டால் கண் கூசும், கால் வெந்துவிடும். ஏறத்தாழ மூன்று டிகிரி அடர்த்தியில் இருக்கிற கடல்நீரைப் பாத்திக்குப் பாத்தி மாற்றிக் காயவிடுகிறார்கள். அடர்த்தி இருபத்தைந்து டிகிரியைத் தொட்டால் உப்பு பூக்கிறது. இருபத்தொன்பதைத் தாண்டவிட்டால் கசப்பு ஏறிவிடும். அதற்குள் பலகையால் வாரிக் கரையேற்ற வேண்டும். தலைக்கூடையில் அதைச் சுமந்து கொண்டுபோய்க் கொட்டியவர்களில் பெரும்பாலானவர்கள் பெண்கள்.

அவர்களில் ஒரு அம்மா கூடையைக் கவிழ்த்துவிட்டு அதன்மேல் உட்கார்ந்தார். கணுக்காலில் உப்பு கீறிய வெடிப்புகள். 2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரை கடந்த ஃபெஞ்சல் புயலைப் பற்றிக் கேட்டேன். பக்கத்து மயிலத்தில் ஒரே நாளில் ஐம்பது சென்டிமீட்டர் அளவுக்கு மழை கொட்டிய புயல் அது.

“இது மொத்தமும் ஏரியா கெடந்துச்சு சார். வாரி வெச்சிருந்ததுல பாதி கரைஞ்சி போச்சு. பொங்கலுக்கு அப்புறந்தான் சேத்த மிதிக்கவே எறங்குனோம்.”

மழை முடிந்ததும் பாத்தியின் அடிச்சேற்றைக் காலால் மிதித்து மிதித்துக் கெட்டிப்படுத்தினால்தான் தண்ணீர் நிற்கும், உப்பு அழுக்கில்லாமல் விளையும். புயல் வந்தாலும் வராவிட்டாலும் வருஷா வருஷம் இது உண்டு. வேலையில்லாத மழை மாதங்களுக்கு அரசு 5000 ரூபாய் நிவாரணம் தருகிறது. அது எத்தனை நாளைக்கு வரும் என்று கேட்டேன். அவர் சிரித்துவிட்டுக் கூடையை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

இந்தக் கரை பட்ட அடிகள் கொஞ்சமில்லை. 2004 சுனாமி. 2011 கடைசியில் தானே புயல். 2020இல் நிவர். 2023 மே மாதம் எக்கியார்குப்பத்தில் மெத்தனால் கலந்த சாராயத்தைக் குடித்துச் செத்தவர்களின் வீடுகள் இங்கிருந்து அதிகத் தொலைவில் இல்லை. ஆந்திராவிலிருந்து வரும் பக்கிங்காம் கால்வாய் மரக்காணத்தில்தான் முடிகிறது. சென்னை நகருக்குள் ஓடுகிற அதன் ஒரு துண்டு, 1876-78 பெரும் பஞ்சத்தில் பட்டினி கிடந்தவர்களுக்குக் கூலி கொடுத்து வெட்டப்பட்டது.

அடி ஒருபக்கம் என்றால், ஈகைக்குப் பேர்போன மண்ணும் இதுதான். இது பழைய ஓய்மாநாடு. வரும் வழியில் கடப்பாக்கத்தைச் சுற்றியுள்ள பகுதிக்கு இன்றும் இடைக்கழிநாடு என்றுதான் பேர். சிறுபாணாற்றுப்படை பாடிய நத்தத்தனார் அந்த இடைக்கழிநாட்டு நல்லூர்க்காரர். அதில் வரும் எயிற்பட்டினம் மரக்காணம்தான் என்று அறிஞர்கள் பலர் சொல்கிறார்கள். பாட்டுடைத் தலைவன் நல்லியக்கோடன், ஓய்மாநாட்டை ஆண்டவன். பள்ளியில் இதை அரசனைப் புகழும் பாட்டாகத்தான் படித்தேன். இப்போது எனக்குப் பாட்டில் முக்கியமானவனாகப் படுகிறவன் பேசுகிற பாணன். அவனும் பட்டினி கிடந்தவன். பரிசில் வாங்கிக்கொண்டு வீட்டைப் பார்த்துப் போகிறவன், எதிரே பசியோடு வருகிற இன்னொரு பாணனைக் கண்டு நிற்கிறான். எந்த ஊர் வழியாகப் போக வேண்டும், எங்கே யார் சோறு போடுவார்கள் என்று விலாவாரியாகச் சொல்கிறான். பசியைக் கடந்து வந்தவன் பசித்தவனுக்குச் சொல்கிற வழி அது.

எனக்கும் அப்படி ஒருவர் வழி சொன்னார். நான் இந்தச் சாலையில் பஸ்ஸில் மட்டும் போகிறவன். சில வருஷங்களுக்கு முன்பு இதே சாலையில் பைக்கில் வரும்போது விபத்து. பின்னால் உட்கார்ந்திருந்த நான் பிழைத்துக்கொண்டேன். ஓட்டிய நண்பன் பிழைக்கவில்லை. மனநல மருத்துவரிடம் போனேன். மாத்திரையில் தூக்கம் வந்தது. பகலை என்ன செய்வது என்றுதான் தெரியவில்லை. அப்போது ஒருவர், “கீழ்ப்புத்துப்பட்டு முகாமில் ஒரு அம்மா மாலை வகுப்பு நடத்துகிறார். போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்” என்றார்.

மரக்காணத்திலிருந்து தெற்கே அனுமந்தை, கூனிமேடு தாண்டினால் கீழ்ப்புத்துப்பட்டு. மஞ்சனீஸ்வரர் அய்யனார் கோயிலும் அதைச் சுற்றிய பழங்காடும் ஊருக்கு அடையாளம். அங்கேதான் இலங்கைத் தமிழர் முகாம். 1983 முதல் மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட ஈழத் தமிழர்கள் கடல் கடந்து தமிழகம் வந்தார்கள். பலர் திரும்பினார்கள், பலர் வேறு நாடுகளுக்குப் போனார்கள். ஐம்பதாயிரத்துக்கும் அதிகமானோர் இன்னமும் நூற்றுச் சொச்சம் முகாம்களில் இருக்கிறார்கள். 2021 ஆகஸ்டில் தமிழக அரசு அவர்களுக்காக 317 கோடி ரூபாய்த் திட்டத்தை அறிவித்து, முகாம்களுக்கு ‘மறுவாழ்வு முகாம்’ என்று பேர் மாற்றியது. ஆயிரக்கணக்கில் புது வீடுகள் கட்டுவதும் அதில் சேர்த்தி.

முன்அனுமதி வாங்கிக்கொண்டு போனேன். “வாங்கோ தம்பி, இருங்கோ” என்று தேத்தண்ணீர் கொடுத்தார் அந்த அம்மா. அறுபதைத் தாண்டியவர். திருகோணமலைப் பக்கம். 1990 ஜூனில் போர் மறுபடி மூண்டபோது இரண்டு பிள்ளைகளோடு மன்னாருக்கு நடந்தும் லாரியிலுமாக வந்து, படகேறி, இராமேசுவரம், மண்டபம், பிறகு இங்கே. கணவரை வழியில் லாரியிலிருந்து இறக்கிக் கொண்டுபோனார்கள். அவர் திரும்பவில்லை.

“ஒரு வருசம் நான் ஒருத்தரோடயும் கதைக்கேல்ல. பிள்ளையளுக்குச் சமைச்சுப் போடுவன். அவ்வளவுதான். பிறகு ஒஃபர்க்காரர் வந்து, நீங்கள் ஏ.எல். படிச்சனீங்கள்தானே, இந்தச் சின்னனுகளுக்கு எழுத்துச் சொல்லிக் குடுங்கோ எண்டு கேட்டவை. ஏலாது எண்டனான். விடேல்ல.”

ஒஃபர் என்று முகாம்களில் எல்லோரும் சொல்வது ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகத்தை. ஈழத் தமிழர் தலைவர் தந்தை செல்வாவின் மகன், வழக்கறிஞர் சந்திரஹாசன் 1984இல் தொடங்கியது. அகதிகளுக்காக அகதிகளே நடத்தியது என்பதுதான் அதன் தனித்தன்மை. வகுப்பெடுத்தவர், மருந்துப் பெட்டி தூக்கியவர், கர்ப்பிணிகளைக் கணக்கெடுத்தவர் எல்லோரும் முகாம்வாசிகள். 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு முகாம்களிலிருந்து தன்னார்வலர்கள் தமிழகத்தின் மீனவக் குப்பங்களுக்கும் போனார்கள். இந்த அம்மாவும் போனார்.

“அரிசி மூட்டை இறக்கத்தான் போனனாங்கள். ரோட்டுக்கரை முழுக்கப் பழைய உடுப்புக் குவிஞ்சு கிடக்கு. எடுத்துப் பாத்தா கிழிசல். ஒருத்தரும் தொடேல்ல. கடலில உழைச்சுத் திண்ட சனம் தம்பி, கை நீட்டிப் பழகாத சனம்.”

எனக்குப் படத்தில் பார்த்த ஞாபகம் வந்தது. நாகப்பட்டினம் சாலையோரங்களில் அப்படிக் குவிந்து கிடந்த துணிகளைப் பத்திரிகைகள் அப்போது எழுதின.

“பொம்பிளையளுக்கு உள்ளுடுப்பு, மாதத் துணி ஒருத்தரும் கொண்டு வரேல்ல. கேக்க அவைக்கு வெக்கம். மண்டபத்தில நாங்களும் கேக்காமத்தானே இருந்தனாங்கள். புதுசா வாங்குவிச்சு, பேப்பரில சுத்தி, பின்னேரம் இருட்டினாப் பிறகு ஒவ்வொரு கூடாரமாக் கொண்டுபோய்க் குடுத்தம். லைனில நிக்கவிடேல்ல.”

பேப்பரில் சுற்றுவதை, பேசிக்கொண்டே, மேசையிலிருந்த ஒரு நோட்டுப் புத்தகத்தை வைத்துச் செய்து காட்டினார். நான்கு மூலையும் உள்ளே மடிந்து, என்ன இருக்கிறதென்று வெளியே தெரியாத பொட்டலம்.

மகனைப் பறிகொடுத்த ஒரு மீனவப் பெண், “நீ யாரு? ஒனக்கு என்ன தெரியும்?” என்று இவரைச் சத்தம் போட்டு விரட்டினாளாம். இவர் பதில் சொல்லவில்லை. பக்கத்தில் போய் உட்கார்ந்திருக்கிறார். அடுத்த நாளும் அப்படியே. மூன்றாம் நாள் அவளே சீப்பை எடுத்து நீட்டினாள்.

“அண்டைக்கு ராத்திரிதான் நான் அவரை நினைச்சு முதல் தரம் வாய்விட்டு அழுதனான். பதினாலு வருசத்துக்குப் பிறகு.”

பெங்களூரு நிமான்ஸ் மருத்துவர்கள் ஒடிசா புயல், குஜராத் பூகம்ப அனுபவங்களைக் கொண்டு சுனாமிக்குப் பிறகு ஊர்க்காரர்களையே பயிற்றினார்கள். பேசவிடு, காது கொடுத்துக் கேள், சொந்தபந்தத்தோடு சேர்த்துவை, மனத்தை வெளி வேலையில் திருப்பு என்பவை அவர்கள் சொல்லிக்கொடுத்த பாடங்கள். துன்பத்தில் வளர்கிறவர்களைப் பற்றி அமெரிக்க உளவியலாளர்கள் டெடெஸ்கியும் கால்ஹூனும் 1990களில் விரிவாக ஆராய்ந்தார்கள். அடிபட்டவர் அடுத்தவருக்காக இறங்குவதை எர்வின் ஸ்டாப் தனியாகவே ஆராய்ந்தார். அவரே சிறுவனாக யூதப் படுகொலையிலிருந்து தப்பியவர். யாழ்ப்பாணத்தில் போருக்கு நடுவே மருத்துவம் பார்த்த தயா சோமசுந்தரம், காயம் தனி மனிதருக்கு மட்டுமல்லாமல் குடும்பத்துக்கும் ஊருக்கும் சேர்த்தே படுகிறது என்று எழுதினார். அப்படியானால் ஆறுவதும் ஊரோடு சேர்ந்துதான் ஆக வேண்டும்.

தமிழ்நாட்டில் இதற்குச் சாட்சிகள் உண்டு. தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த முத்துலட்சுமி ரெட்டி, பல வருஷப் போராட்டத்துக்குப் பின் 1954இல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனையைத் திறக்கச் செய்தார். நாகப்பட்டினத்தில் பரமேஸ்வரன், சூடாமணி தம்பதி சுனாமியில் மூன்று பிள்ளைகளையும் ஒரே காலையில் இழந்தார்கள். சாகலாம் என்று நினைத்தவர்கள், பெற்றோரை இழந்த குழந்தைகளை வீட்டுக்கு அழைத்து வந்து வளர்க்கத் தொடங்கினார்கள். அந்த இல்லத்துக்கு ‘நம்பிக்கை’ என்று பேர். அங்கே வளர்ந்த பிள்ளைகள் படித்து வேலைக்குப் போனார்கள். பிறகு அந்தத் தம்பதிக்கும் இரண்டு மகன்கள் பிறந்தார்கள்.

இதையெல்லாம் வைத்து, துக்கமா, போய்ச் சேவை செய் என்று யாருக்கும் மருந்துச் சீட்டு எழுதித் தர முடியாது. ரத்தம் நிற்காதவனை ஓடச் சொல்லக் கூடாது. இந்த அம்மாவுக்கே ஒரு வருஷ மௌனம் தேவைப்பட்டது, விடாமல் கேட்கிற ஆட்களும் தேவைப்பட்டார்கள். நான் புரிந்துகொண்டது வேறு. பட்டவருக்கு மட்டும் தெரிகிற சில விஷயங்கள் இருக்கின்றன. எது வெட்கம், எந்த உதவி வலிக்கும், எப்போது வாயைத் திறக்கக் கூடாது என்பவை. தன் கஷ்டத்தில் கிடைத்த அந்த அறிவு இன்னொருவருக்குப் பயன்படுவதைக் கண்ணால் பார்க்கும்போது, கஷ்டம் வீண் போகவில்லை என்றாகிறது. ஆறுதல் அங்கேதான் தொடங்குகிறது. நத்தத்தனாரின் பாணன் கையில் பரிசில் இருந்தது. இந்த அம்மாவின் கையில் அதுகூட இல்லை. வழி மட்டும் தெரிந்திருந்தது.

அன்று மாலை வகுப்புக்குப் பிள்ளைகள் வந்ததும் அம்மா என்னைச் சும்மா இருக்கவிடவில்லை. “எழுத்து வேலை செய்யிறவர்தானே, இந்தப் பாரத்தை நிரப்பிக் குடுங்கோ.” பிளஸ் டூ முடிக்கப்போகிற பிள்ளைகளின் கல்வி உதவி விண்ணப்பங்கள். பேர், பிறந்த தேதி, மதிப்பெண், வங்கிக் கணக்கு. எழுத்துப் பிழை வந்தால் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்பதால் கட்டம் கட்டமாக எழுதினேன். விளக்குப் போட்ட பிறகுதான், மதியத்திலிருந்து அந்த விபத்தின் சத்தம் காதில் கேட்கவில்லை என்று உறைத்தது. ராத்திரி கேட்டது. ஆனால் பகலில் என்ன செய்வது என்ற கேள்விக்கு ஒரு பதில் கிடைத்திருந்தது. அதற்குப் பிறகும் அங்கே போய்க்கொண்டிருக்கிறேன், விண்ணப்பக் காலத்தில் தவறாமல்.

ஒரு மாணவி நர்சிங் படிக்க வேண்டும் என்றாள். இதே விழுப்புரம் மாவட்டத்தில் பிறந்தவள், இலங்கையைப் பார்த்ததே இல்லை. குடியுரிமை என்ற கட்டத்தில் என்ன எழுத என்று கேட்டேன். “இலங்கை எண்டு போடுங்க அண்ணா” என்றாள், பாதி அந்தப் பேச்சிலும் பாதி இந்தப் பேச்சிலும். 1987 ஜூலை முதல் தேதியிலிருந்து இந்த மண்ணில் பிறந்ததால் மட்டும் யாரும் இந்தியக் குடிமகன் ஆகிவிட முடியாது. 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டத்திலும் இவர்களுக்கு இடமில்லை. மண்டபம் முகாமில் 1986இல் பிறந்த ஒரு பெண்ணுக்கு 2022இல் உயர் நீதிமன்றம் பாஸ்போர்ட் வழங்கச் சொன்னது. அவர் 2024 தேர்தலில் ஓட்டும் போட்டார். அந்தத் தேதிக்கு முன்னால் பிறந்ததால் வந்த உரிமை அது. இந்த மாணவிக்கு அது கிடையாது.

அவளுடைய பாட்டி தலைமுறை நம் குப்பங்களுக்கு வந்து மூட்டை இறக்கியது, மகனை இழந்தவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தது. முடிந்ததும் முகாமுக்குத் திரும்பி, ஆள் சரிபார்ப்புக்கு வரிசையில் நின்றது. சேவை அவர்களை மீட்டது என்று எழுதி முடித்துக்கொள்வது நமக்கு வசதி. பட்டவர் கொடுக்கிறவராக மாறினால்தான் ஆறுவார் என்பது மெய்யானால், கொடுக்கிற இடத்தில் நிற்க அவருக்கு உரிமை வேண்டும். அந்தப் பெண் நாளை நர்சிங் முடித்துவிட்டாலும், குடியுரிமை கேட்கிற அரசு மருத்துவமனை வேலை அவளுக்கு எட்டாக்கனி. அடுத்த புயலில் மரக்காணத்துக்கு நர்சுகள் தேவைப்படும். ஊசி போடத் தெரிந்த ஒருத்தி அரைமணி நேரத் தூரத்தில் இருப்பாள். அவளைக் கூப்பிடச் சட்டத்தில் வழி செய்து வைப்பது நம் வேலை.