“பைக் வாங்குற காசுல சைக்கிளா?” - 58,000 ரூபாய் மவுன்டெய்ன் பைக்கும் என் 214 கிலோமீட்டரும்!

போன அக்டோபரில் ஒருநாள் இரவு நல்ல மழை. தூக்கம் வரவில்லை. மொபைலை எடுத்து, நான் சைக்கிளில் போகும் தூரத்தைக் கணக்கு வைக்கும் ஆப்பைத் திறந்து பார்த்தேன். ஒன்பது மாதங்களில் மொத்தமே 214 கிலோமீட்டர். சைக்கிளின் விலை 58,000 ரூபாய். வகுத்தால் கிலோமீட்டருக்கு 271 ரூபாய் வந்தது.

எங்கள் ஊர் ஆர்.கே.பேட்டை. திருத்தணிக்கும் ஆந்திர எல்லைக்கும் நடுவில் இருக்கிற நெசவாளர் ஊர். தெருவில் நடந்தால் ஒரு வீட்டில் தமிழ் கேட்கும், அடுத்த வீட்டில் தெலுங்கு கேட்கும், எல்லா வீட்டிலும் தறிச் சத்தம் கேட்கும். அந்த ராத்திரி எங்கள் வீட்டில் தறிச் சத்தம் இல்லை. கூரை ஒழுகியதால் தறி மேல் பிளாஸ்டிக் ஷீட்டை விரித்துவிட்டு, அப்பாவும் அம்மாவும் கீழே பாத்திரம் வைத்துக்கொண்டிருந்தார்கள். பாவு நனைந்தால் போச்சு. அந்தக் கூரையை மாற்றுவதற்காகப் போட்ட சீட்டுப் பணம்தான், திண்ணையில் சாக்கு போர்த்தி நின்றிருந்த என் மவுன்டெய்ன் பைக்.

சீட்டு கட்டியது என் சம்பளத்தில்தான். அதனால், “நீ கட்டுன சீட்டு, நீ எடுத்துக்கோ” என்று அம்மா சொன்னபோது எனக்கு ஒன்றும் உறுத்தவில்லை. “இன்னா, பைக் வாங்குற காசுல சைக்கிளா?” என்று அப்பா ஒரே ஒரு தடவை கேட்டார். அவ்வளவுதான். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை என்று பிறகு பலமுறை நினைத்திருக்கிறேன்.

இந்த ஆசை எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். முன்பு வேலை பார்த்த ஒரு வெப்சைட்டில் ‘வீக்கெண்ட் ரைடர்களுக்கான 10 சிறந்த மவுன்டெய்ன் பைக்’ என்று ஒரு கட்டுரை எழுதச் சொன்னார்கள். அந்தப் பத்தில் ஒன்றைக்கூட நான் தொட்டுப் பார்த்ததில்லை. கம்பெனிகளின் பக்கத்தில் இருந்ததை எடுத்து, நாலு வார்த்தை சேர்த்து, மதியத்துக்குள் முடித்துக் கொடுத்தேன். அது நன்றாக ஓடியது. எழுதி எழுதி எனக்கே ஆசை வந்துவிட்டது. ஸ்பிட்டி, லடாக் என்று ரீல்ஸ் வேறு வரிசையாக வர ஆரம்பித்தது. 2025 ஜனவரியில் சென்னைக்குப் போய் வாங்கிவிட்டேன். என் கட்டுரையைப் படித்தும் யாராவது வாங்கியிருப்பார்கள் இல்லையா? அவர்களுக்கு நான் பட்டிருக்கும் கடன்தான் இது.

கடையில் என் உயரத்துக்கான ஸ்மால் சைஸ் ஸ்டாக் இல்லை. “மீடியமே போதும் மேடம், சீட்டை இறக்கிக்கலாம்” என்றார்கள். தலையாட்டிவிட்டேன். ஐந்தடி இரண்டு அங்குலம் இருக்கிற நான், 29 இன்ச் சக்கரம் வைத்த மீடியம் ஃபிரேமில் ஏறி உட்கார்ந்தால், ஹேண்டில்பாரைப் பிடிக்க முன்னால் சாய்ந்து கையை நீட்டவேண்டும். பத்து கிலோமீட்டர் தாண்டினால் மணிக்கட்டும் கழுத்தும் பிடித்துக்கொள்ளும். சீட்டை ஏற்றி இறக்கினால் கால் எட்டும், கை எட்டாது. அது ஃபிரேமின் நீளம் சம்பந்தப்பட்ட விஷயம் என்பது பிறகுதான் தெரிந்தது.

அடுத்த பாடம் சீமைக்கருவேல முள்ளிடமிருந்து வந்தது. கடலைக் கொல்லைகளுக்கு நடுவே போகும் மண்பாதையில் முதல்முறையாக ‘ஆஃப் ரோடு’ போனேன். பின் டயர் பஞ்சர். நான்கு கிலோமீட்டர் தள்ளிக்கொண்டு வந்து, சின்ன வயதிலிருந்து எனக்குக் காற்றடித்துக் கொடுக்கும் சைக்கிள் கடை தாத்தாவிடம் நிறுத்தினேன். பஞ்சரை ஐந்து நிமிடத்தில் ஒட்டிவிட்டார். காற்றுதான் அடிக்க முடியவில்லை. நம் ஊர் சைக்கிள் டியூபில் இருக்கும் வால்வு ஒரு மாதிரி, மோட்டார் பைக் வால்வு ஒரு மாதிரி. என்னுடையது இரண்டும் இல்லாமல் ஒல்லியாக, நுனியில் திருகுள்ள மூன்றாவது ரகம். அதன் பெயர் பிரெஸ்டா. அவரிடம் இருந்த எந்தப் பம்பும் அதில் நிற்கவில்லை.

“இன்னாம்மா இது, இம்மாம் பெரிய வண்டிக்கு இத்துனூண்டு மூக்கு?” என்று சிரித்தார்.

அதன் தலையில் மாட்ட விரல் நுனி அளவுக்கு ஒரு பித்தளை அடாப்டர் போதும். ஆன்லைனில் ஆர்டர் போட்டு வர நான்கு நாள் ஆனது. அதுவரை 58,000 ரூபாய் வண்டி காற்றில்லாமல் நின்றது. பிறகு பிரேக் மென்மையாகப் போனபோது கதை இன்னும் மோசம். ஹைட்ராலிக் டிஸ்க் பிரேக்கில் கேபிள் கிடையாது, ஆயில்தான். அந்த ஆயிலில் காற்றுக் குமிழி புகுந்தால் அதை வெளியேற்ற தனிக் கருவி வேண்டும். தாத்தாவிடம் அது இல்லை. சென்னைக்குத்தான் கொண்டுபோகவேண்டும்.

இதெல்லாம்கூடச் சமாளிக்கக்கூடிய விஷயம்தான். உண்மையில் அந்தச் சைக்கிளை ஓட்டவிடாமல் செய்தது பயம். வாரத்தில் இரண்டு நாள் எனக்குச் சென்னை ஆபீஸ். பஸ்ஸில் திருத்தணி போய் அங்கிருந்து ரயில் ஏறுவேன். வீட்டிலிருந்து பஸ் ஏறும் இடத்துக்குத்தான் சைக்கிள் உண்மையிலேயே தேவை. ஆனால் 58,000 ரூபாயை ரோட்டோரம் பூட்டிவிட்டு ராத்திரிவரை சென்னையில் எப்படி உட்கார்ந்திருப்பது? அதனால் நடந்து போனேன். மார்க்கெட்டுக்குக் கொண்டுபோகலாம் என்றால் கேரியர் இல்லை. ஸ்டாண்டு இல்லாததால் சுவர் தேடிச் சாய்க்கவேண்டும். மட்கார்டு இல்லாததால், மழை பெய்த ரோட்டில் போனால் முதுகு முழுக்கச் சேற்றுக் கோடு.

பிளஸ் ஒன் படிக்கும்போது அரசுப் பள்ளியில் கொடுத்த சைக்கிள் ஞாபகம் வந்தது. ‘விலையில்லா மிதிவண்டி’ என்பது அதன் சர்க்கார் பெயர். கனமான வண்டி, கியர் கிடையாது, செயின் கவர் எப்போதும் கடகடவென்று பேசிக்கொண்டே இருக்கும். அதில் ஸ்கூல், டியூஷன், ரேஷன் கடை, கேரியரில் அம்மா சுற்றிய தார்க் கூடை என்று இரண்டு வருடம் ஓடியது. கிலோமீட்டர் கணக்கு வைக்க அப்போது ஆப் இல்லை. எப்படிப் பார்த்தாலும் ஆயிரங்களில் இருக்கும்.

விலை எங்கே போகிறது?

நியாயமாகச் சொன்னால், மவுன்டெய்ன் பைக்கின் விலை ஏமாற்று இல்லை. முன் ஃபோர்க்கில் இருக்கும் சஸ்பென்ஷன்தான் பெரிய செலவு. நல்ல ஃபோர்க்கில் ஸ்பிரிங்கோ, காற்று அறையோ மட்டும் இருக்காது. அழுந்தியது எவ்வளவு வேகத்தில் திரும்ப எழவேண்டும் என்பதைக் கட்டுப்படுத்தும் ஆயில் டேம்பரும் இருக்கும். பாறையில் இறங்கும்போது சக்கரம் தரையை விட்டுத் துள்ளாமல் இருப்பது அதனால்தான். அதோடு எடை குறைந்த ஃபிரேம், ஒரு விரலில் நிற்கும் பிரேக். இறக்குமதி வண்டியாக இருந்தால் சுங்க வரி வேறு. 2023 பட்ஜெட்டில் அதை 30 சதவிகிதத்திலிருந்து 35 ஆக்கினார்கள். இத்தனைக்கும் சேர்த்துத்தான் நாம் பணம் கொடுக்கிறோம். ஆனால் ஆர்.கே.பேட்டை - சோளிங்கர் தார் ரோட்டில் அந்த ஃபோர்க்குக்கு என்ன வேலை? வேகத்தடைகளில் ஒரு சலாம் போடுவதோடு சரி. பட்டன் டயர் தார் ரோட்டில் ‘ஙொய்ய்ய்’ என்று சத்தம் போட்டுக்கொண்டு நம் காலின் பலத்தைத் தின்னும்.

வேடிக்கை என்னவென்றால், மவுன்டெய்ன் பைக் பிறந்ததே ஓட்டை சைக்கிளில்தான். 1970-களில் அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில், மவுன்ட் டமால்பைஸ் மலைப் பக்கத்தில் சில இளைஞர்கள், பல பத்தாண்டுகளுக்கு முந்தைய பழைய சைக்கிள்களைத் தேடி எடுத்து, மண்பாதையில் மேலிருந்து கீழே ரேஸ் விட்டார்கள். 1976-ல் தொடங்கிய அந்த ரேஸின் பெயர் ‘ரீபேக்’. ஒருமுறை இறங்குவதற்குள் பின் பிரேக் சூடேறி அதிலிருக்கும் கிரீஸ் புகைந்துவிடும். திரும்பவும் கிரீஸ் அடைத்தால்தான் அடுத்த ஓட்டம். அதனால் அந்தப் பெயர். அந்த வண்டிகள் உடைந்து உடைந்துதான், இதற்கென்றே ஃபிரேம் செய்யலாம் என்ற யோசனை வந்தது. முதலில் மலை, அப்புறம்தான் பைக். நான் தலைகீழாகச் செய்திருந்தேன்.

நம் பக்கத்தில் இதைச் சரியாகச் செய்தவர்கள் புதுக்கோட்டைப் பெண்கள். 1990-களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் நடந்தபோது ஆயிரக்கணக்கில் சைக்கிள் கற்றுக்கொண்டார்கள். லேடீஸ் சைக்கிளுக்குத் தட்டுப்பாடு வந்ததும் ஜென்ட்ஸ் சைக்கிளையே வாங்கினார்கள். சிலருக்கு அதுதான் பிடித்தும் இருந்தது, முன்னால் இருக்கும் பாரில் குழந்தையை உட்கார வைக்கலாம் என்பதால். பத்திரிகையாளர் பி.சாய்நாத் இதை எழுதியிருக்கிறார். சைக்கிள் வாங்குவதற்கு இதைவிட நல்ல காரணம் எனக்குத் தெரியவில்லை.

“அப்போ 10,000 ரூபாய் மவுன்டெய்ன் பைக் வாங்கலாமா?” என்று கேட்டால், அதற்கும் வேண்டாம் என்றுதான் சொல்வேன். என் சித்தி பையன் வைத்திருக்கிறான். முன்னாலும் பின்னாலும் ஷாக் அப்சார்பர், குண்டு டயர், ஃபிரேம் முழுக்க ஸ்டிக்கர். ஸ்கூல் வாசலில் மாஸ்தான். ஆனால் அந்த விலையில் வரும் ‘ஷாக்’ வெறும் ஸ்பிரிங்தான். ஒவ்வொரு மிதிக்கும் வண்டி மேலும் கீழும் ஊஞ்சலாடும். மிதித்ததில் ஒரு பங்கு ஸ்பிரிங்குக்கே போய்விடும். எடையும் அதிகம். கொஞ்ச நாளில் கீல் தளர்ந்து கிறீச்சிடும். என்னைப்போல ஞாயிற்றுக்கிழமை ரைடர்கள் அதே பணத்தில் ஷாக்கே இல்லாத, நேர் ஃபோர்க் வைத்த சைக்கிளை வாங்குவது மேல். கொஞ்சம் அகலமான, வழவழப்பான டயர். சரியான சைஸ் ஃபிரேம். கேரியரும் மட்கார்டும் மாட்ட துளை. ஊர்க் கடையில் பழுது பார்க்கக்கூடிய பிரேக். மேடு இருக்கிற ஊர் என்றால் கியர். வாங்கும் முன் கடையைச் சுற்றி ஒரு ரவுண்டு ஓட்டிப் பாருங்கள். ‘சைஸ் இல்லை, இதுவே போதும்’ என்றால் திரும்பி வந்துவிடுங்கள். பஸ் சார்ஜ்தான் நஷ்டம்.

ஒரே ஒருநாள் அந்த வண்டி எனக்கு முழுசாகச் சந்தோஷம் கொடுத்தது. அதையும் மறைக்கக் கூடாது. விடியற்காலையில் கிளம்பி, 20 கிலோமீட்டருக்கு மேல் மிதித்துத் திருத்தணி மலைப் பாதையில் ஏறினேன். கடைசி கியரில், நடக்கிற வேகத்தில், இறங்காமலேயே மேலே போய்விட்டேன். பக்கத்தில் 365 படிகளையும் வெறுங்காலில் ஏறிவந்த ஒரு பாட்டி, “சைக்கிள்லயேவா வந்த?” என்று கேட்டு என் கையில் விபூதியைக் கொட்டினார். அன்றைக்குச் செலவே கண்ணுக்குத் தெரியவில்லை. அப்படி வாரா வாரம் போகிறவர்கள், காட்டுப் பாதையில் உண்மையிலேயே இறங்குகிறவர்கள், தாராளமாகச் செலவு செய்யலாம். அவர்களுக்கு நல்ல பிரேக் என்பது உயிர். நான் அப்படிப் போனது அந்த ஒருமுறைதான்.

ஒரு விற்பனை

அக்டோபர் மழைக்குப் பிறகு, விற்பதாக ஆன்லைனில் போட்டேன். வேலூரிலிருந்து ஒரு காலேஜ் பையன் வந்தான். செயினைத் திருப்பிப் பார்த்து, ஃபோர்க்கை அமுக்கிப் பார்த்து, “அக்கா, இது ஓடவே இல்லையே!” என்றான். பாராட்டா, குத்தலா தெரியவில்லை. 42,000 கேட்டேன். அவனோ ஹோம்வொர்க் செய்து வந்திருந்தான். “செப்டம்பர் 22-லேர்ந்து சைக்கிளுக்கு ஜி.எஸ்.டி 12-லேர்ந்து 5 ஆயிடுச்சுக்கா. புதுசே இப்போ 54,000 சொச்சம்தான்.” அவன் கணக்கு சரியாகத்தான் இருந்தது. 36,000-க்கு முடிந்தது. வயிறு எரிந்தது.

13,500 ரூபாயில் எனக்கு நேர் ஃபோர்க் வைத்த ஒரு சைக்கிள், ஸ்மால் சைஸ். மிச்சம் 22,500 கூரைக்குப் போனது. முழுக் கூரைக்கும் பத்தவில்லை. தறி இருக்கிற பக்கம் மட்டும் ஷீட் மாற்றியிருக்கிறோம். அடுப்படிப் பக்கம் அடுத்த சீட்டில். அதை இந்தமுறை அம்மா பேரில் போட்டிருக்கிறேன்.

புதுச் சைக்கிளை தினமும் பஸ் ஏறும் இடத்தில் பூட்டிவிட்டுப் போகிறேன். தாத்தா அதற்கு கேரியர் மாட்டிக் கொடுத்தார். பூட்டி வைத்ததிலேயே ஒருமுறை யாரோ மணியைத் திருகி எடுத்துப்போய்விட்டார்கள். 60 ரூபாய்க்கு வேறு மணி வாங்கினேன்.

போன மாதம் அந்த வேலூர் தம்பி வாட்ஸ்அப்பில் ஒரு வீடியோ அனுப்பியிருந்தான். ஜவ்வாது மலையில், மழையில் அரித்துப் பாறை தெரிகிற ஒரு பாதையில் இறங்குகிறான். கேமராவை ஹேண்டில்பாரில் மாட்டியிருந்ததால் முன் சக்கரம் நன்றாகத் தெரிந்தது. ஒவ்வொரு கல்லுக்கும் ஃபோர்க் சரக் சரக்கென்று உள்ளே போய், நிதானமாக வெளியே வந்தது. ஒன்பது மாதம் என்னிடம் இருந்த வண்டி. அது அப்படி வேலை செய்து நான் பார்த்ததே இல்லை.

தார் சுற்றிக்கொண்டிருந்த அம்மாவிடம் காட்டினேன். கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு, இரண்டு முறை பார்த்தார்.

“நம்ம சைக்கிளா அது?”

“ஆமாம்மா.”

“பாத்துப் போகச் சொல்லு அந்தப் புள்ளைய” என்று சொல்லிவிட்டு, அறுந்த நூலை முடிபோட ஆரம்பித்தார்.