தேளும் ரேகையும்

மூன்று வருடங்களுக்கு முன் ஊருக்குப் போயிருந்தபோது அப்பத்தாவை ரேஷன் கடைக்குக் கூட்டிப் போனேன். கைரேகை எந்திரம் அவள் விரலை ஏற்கவில்லை. வலது கட்டைவிரல், இடது கட்டைவிரல், ஆள்காட்டி விரல் என்று மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தாயிற்று. "கைய நல்லாத் தொடச்சிட்டு வையி ஆத்தா" என்றார் கடைக்காரர். முந்தானையில் துடைத்துவிட்டு வைத்தாள். ஒவ்வொரு முறையும் சிவப்பு விளக்கு.

"ரேக தேஞ்சு போச்சு போலருக்கு" என்றார் அவர்.

அப்பத்தா இடது முன்கையை அவர் முகத்துக்கு நேராக நீட்டினாள். "ரேக தேஞ்சா நான் இல்லேன்னு ஆயிருமாய்யா? இந்தா, இந்தத் தேளு இன்னும் இருக்குல்ல? இத வச்சு அரிசி போடு."

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் அந்தத் தேளை அன்றைக்குத்தான் சரியாகப் பார்த்தேன். முழங்கைக்குக் கீழே கொடுக்கைத் தூக்கிக்கொண்டு ஒரு தேள், அதற்கு மேலே புள்ளி வைத்து இழுத்த சிறு கோலம். சுருங்கிய தோலில் கோடுகள் தடித்து, மங்கிய பச்சையாகப் பரவியிருந்தன.

நான் பெங்களூரில் மென்பொருள் எழுதுகிறவன். ஒரு காலத்தில் அலுவலக வருகைப் பதிவுக்கான கைரேகை மென்பொருளிலும் வேலை பார்த்திருக்கிறேன். எந்திரம் விரலைப் படமாக வைத்துக்கொண்டு ஒப்பிடுவதில்லை. ரேகை எங்கே முடிகிறது, எங்கே இரண்டாகப் பிரிகிறது என்று புள்ளிகளாகக் குறித்துக்கொள்ளும். அறுபது வருஷம் களை பறித்து, சாணி தட்டி, சட்டி தேய்த்த விரலில் அந்தப் புள்ளிகள் போதுமான அளவு கிடைக்காது. இதை அவளிடம் விளக்கினேன். "அப்ப வேல செஞ்சது தப்பு" என்றாள்.

அன்று சாயங்காலம் தேளின் கதையைக் கேட்டேன். உசிலம்பட்டிப் பக்கம் அவள் பிறந்த ஊர். "வெள்ளக்காரன் போறதுக்கு மின்னாடி, பத்துப் பன்னெண்டு வயசிருக்கும்." அறுப்பு முடிந்து வீட்டில் தானியம் இருக்கிற மாசத்தில் குறத்திகள் வருவார்கள். ஒருத்தி ஊசி வைத்திருப்பாள், கூட வந்தவள் கையைப் பிடித்துக்கொள்வாள். குத்துகிறவள் பாடிக்கொண்டே குத்துவாள். அழுகிற பிள்ளையின் காதை ஊசியிலிருந்து திருப்பத்தான் பாட்டு. கூலி ஒரு மரக்கால் கேப்பை, பழைய சேலை ஒன்று. "செத்தா தோட்டக் கழட்டிருவாக, தண்டட்டியக் கழட்டிருவாக. இத எவன் கழட்டுவான்? அதான் எங்க ஆத்தா குத்திவிட்டுச்சு."

அந்த மை எப்படிச் செய்யப்பட்டது என்பது அப்பத்தாவுக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்தது எட்கர் தர்ஸ்டன் மூலமாக. சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த ஆங்கிலேயர் அவர். 1906இல் வெளியிட்ட தென்னிந்திய இனவரைவியல் குறிப்புகளில் பச்சை குத்துவதற்குத் தனியாக இடம் ஒதுக்கியிருக்கிறார். மஞ்சள்தூளையும் அகத்திக்கீரையையும் சேர்த்து அரைத்து, மெல்லிய துணியில் தடவித் திரியாகச் சுருட்டுவார்கள். விளக்கெண்ணெய் ஊற்றிய அகலில் அதை ஏற்றி, மேலே புதுச்சட்டியைக் கவிழ்த்துவிடுவார்கள். சட்டியின் உட்புறம் படிகிற கரியைச் சுரண்டித் தண்ணீரிலோ தாய்ப்பாலிலோ குழைத்தால் மை. மூன்று நான்கு தையல் ஊசிகளை நூலால் சேர்த்துக் கட்டினால் கருவி.

அகத்தி பச்சை, மஞ்சள் மஞ்சள். ஆனால் எரிந்தபின் மிஞ்சுவது கரிதான். கறுப்பு மையைக் குத்திவிட்டு அதைப் பச்சை என்று ஏன் சொல்கிறோம்? மை தோலின் மேல்படலத்தில் நிற்பதில்லை, அதற்குக் கீழே உள்ள படலத்தில் தங்குகிறது. மேலே உள்ள தோல் ஒளியைச் சிதறடிப்பதால், அடியிலிருக்கும் கறுப்பு நமக்கு நீலமாக, பச்சையாகத் தெரிகிறது. அந்த மையை அங்கே பிடித்து வைத்திருப்பவை நம் நோய் எதிர்ப்பு அணுக்கள். அந்நியப் பொருள் என்று விழுங்குகின்றன, செரிக்க முடியாமல் வைத்துக்கொள்கின்றன. ஓர் அணு செத்தால் அது விட்ட கரியை இன்னொன்று எடுத்துக்கொள்ளும். இப்படிக் கைமாறிக் கைமாறி முக்கால் நூற்றாண்டாக ஒரு தேளை அப்பத்தாவின் உடம்பு சுமந்துகொண்டிருந்தது. கைமாறும்போது கொஞ்சம் கொஞ்சமாக விலகும், அதனால்தான் கோடு தடிக்கிறது.

தர்ஸ்டனை இவ்வளவு நேரம் நல்லவராகவே சொல்லிவிட்டேன். அவரே மூக்கையும் மண்டையையும் கருவி வைத்து அளந்து சாதிகளை வகை பிரித்தவர். உடலை அளக்கும் கலையைப் போலீஸ்காரர்களுக்குச் சொல்லிக் கொடுத்தவர். குற்றவாளியைத் தப்பாமல் அடையாளம் காண எது நல்ல வழி என்று அந்தக் காலத்து அரசாங்கம் தேடிக்கொண்டே இருந்தது. அதற்கும் முன்பு, கம்பெனி ஆட்சியில், ஆயுள் கைதிகளின் நெற்றியிலேயே குற்றத்தைப் பச்சை குத்தி வைத்தார்கள். 1849இல்தான் அதைச் சட்டம் போட்டு நிறுத்தினார்கள். பிறகு மூக்களவு, பிறகு கைரேகை.

மதுரைச் சீமையில் கைரேகை என்பது வெறும் தொழில்நுட்பம் இல்லை. 1911ஆம் ஆண்டின் குற்றப் பரம்பரைச் சட்டத்தை இங்கே ஜனங்கள் அந்தப் பெயரால் சொல்வதில்லை, ரேகைச் சட்டம் என்பார்கள். 1914இல் மதுரைக்குப் பக்கத்திலுள்ள கீழக்குயில்குடியில் தொடங்கிப் பிறமலைக் கள்ளர் ஊர்களுக்கு அது பரவியது. ஆண்பிள்ளைகள் ரேகை வைக்க வேண்டும், ராத்திரி சாவடியில் படுக்க வேண்டும், வெளியூர் போக ராதாரிச் சீட்டு வாங்க வேண்டும். பெருங்காமநல்லூர்க்காரர்கள் ரேகை வைக்க மறுத்தார்கள். 1920 ஏப்ரல் 3 அன்று போலீஸ் சுட்டது. செத்தவர்களில் மாயக்காள் என்ற பெண்ணும் ஒருவர். சென்னை மாகாணத்தில் அந்தச் சட்டம் 1947இல்தான் ஒழிந்தது.

அதே சட்டத்தின் பட்டியலில் குறவர்களும் இருந்தார்கள். ஊர் ஊராகப் போய் உப்பு விற்று, கூடை முடைந்து, குறி சொல்லி, பச்சை குத்திப் பிழைத்தவர்களுக்கு, ஊரை விட்டு நகரச் சீட்டு வேண்டும் என்பது பிழைப்பையே கட்டிப்போடுவது. நம் இலக்கியம் குறத்திக்குக் கொடுத்த இடம் வேறு. பதினேழாம் நூற்றாண்டில் குமரகுருபரர் மதுரை மீனாட்சியம்மை குறம் பாடியபோது, குறி சொல்லும் குறத்தியின் வாயால்தான் பாடினார். ஏட்டில் மீனாட்சிக்கே நல்வாக்குச் சொன்னவள், ஊருக்குள் வந்தால் போலீஸ் பார்வையில் திருட்டுக்கூட்டம்.

அப்பத்தாவிடம் அவள் அய்யாவைப் பற்றிக் கேட்டேன். "ரேக வச்சவருதான். ராத்திரி எங்ககூட படுத்து நான் பாத்ததில்ல. கோழி கூப்பிடத்தான் வருவாரு" என்றாள். அதற்கு மேல் அவள் பேச விரும்பவில்லை. கணக்குப் போட்டுப் பார்த்தேன். அவள் கையில் தேள் ஏறிய வருஷத்தில் சட்டம் இன்னும் உயிரோடு இருந்தது. அந்தத் திண்ணையில் ஊசி பிடித்தவளின் வீட்டுக்காரரும், கை நீட்டிய பிள்ளையின் அய்யாவும் அநேகமாக ஒரே மாதிரியான பதிவேட்டில் கறுப்பு மையில் விரல் பதித்தவர்கள். ஒரு மை அவர்களை நம்பாததால் வைக்கப்பட்டது. இன்னொன்றை ஒரு மரக்கால் கேப்பை கொடுத்து ஆசையாக வாங்கிக்கொண்டார்கள்.

ஆசையாக வாங்கியதையும் அதிகாரம் விட்டுவைக்கவில்லை. 1970களில் எம்ஜிஆர் தன் கட்சிக்காரர்களைக் கையில் கட்சிக் கொடியைப் பச்சை குத்திக்கொள்ளச் சொன்னார். கட்சிக்குள்ளேயே சிலர் முணுமுணுத்தார்கள். எங்கள் பெரியப்பா முணுமுணுக்கவில்லை, முதல் ஆளாகக் குத்திக்கொண்டார். பின்னாளில் வேறு கட்சிக்குப் போனார். அன்றிலிருந்து சித்திரை வெயிலிலும் முழுக்கைச் சட்டைதான்.

ஊசிக் கட்டின் காலம் முடிந்ததற்கு ஒரு காரணம் நியூயார்க்கில் இருக்கிறது. எடிசன் 1876இல் நகல் எடுப்பதற்காக, காகிதத்தில் நுண்துளை இடும் மின்சாரப் பேனா ஒன்றுக்குக் காப்புரிமை வாங்கினார். அந்த வழியைப் பின்பற்றி 1891இல் சாமுவேல் ஓ'ரெய்லி பச்சை குத்தும் எந்திரத்துக்கு உரிமை பெற்றார். அது ஊர்ந்து ஊர்ந்து நம் திருவிழாக்களுக்கும் வந்தது. நான் சின்னப்பிள்ளையாக இருந்தபோது, அழகர் ஆற்றில் இறங்கும் நாளில் வைகை மணலில் பேட்டரியும் படம் ஒட்டிய அட்டையுமாகப் பச்சை குத்துகிறவர்கள் உட்கார்ந்திருப்பார்கள். ஒரே ஊசி பலர் கைக்கும் போகும். எய்ட்ஸ் பயம் வந்தபின் "அங்க போய்க் கைய நீட்டிறாத" என்று அம்மா ஒவ்வொரு வருஷமும் எச்சரிப்பார். பயம் நியாயமானதுதான். ஆனால் ஊசியை மாற்றக் கற்றுக்கொடுத்து அவர்களைத் தொழிலில் வைத்துக்கொள்ள யாரும் முனைந்ததாக நான் பார்க்கவில்லை.

போன வருஷம் அப்பத்தா இறந்தாள். குளிப்பாட்டுகிறபோது தோடு, மூக்குத்தி எல்லாவற்றையும் கழற்றி ஒரு கிண்ணத்தில் போட்டார்கள். அவள் சொன்னபடியே தேள் மட்டும் கூடவே போனது.

காரியம் முடிந்தபின் மதுரையில் ஒரு டாட்டூ கடைக்குப் போனேன். குளிர்சாதன அறை, கையுறை, உறை பிரிக்காத ஊசி. என் போனில் இருந்த அப்பத்தாவின் கைப் படத்தைக் காட்டினேன். அந்தப் பையன் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "லைன் எல்லாம் பரவிருச்சுண்ணே. ஆனா ஒரிஜினல் டிசைன் செமயா இருந்திருக்கும். கையிலயே, ஸ்டென்சில் இல்லாம போட்டிருக்காங்க. யாரு போட்டது?" என்றான்.

எனக்குப் பதில் இல்லை. அவள் பேரை அப்பத்தாவிடம் நான் கேட்கவே இல்லை. அவள் வீட்டுக்காரர் விரலை அரசாங்கம் பேரோடு, ஊரோடு, தகப்பன் பேரோடு எழுதி வைத்திருக்கும். அவள் போட்ட தேளுக்குக் கீழே பேர் கிடையாது.

யோசித்துவிட்டு இன்னொரு நாள் வருகிறேன் என்று சொல்லி வெளியே வந்தேன். இன்னும் போகவில்லை.