துண்டறிக்கை

எங்கள் ஊரில் சமபந்தி விருந்து நடத்த இளைஞர் சிலர் முடிவு செய்தோம். துண்டறிக்கை எழுதும் பணி என்னிடம் வந்தது. நான் கற்ற தமிழ் முழுவதையும் அதில் கொட்டினேன். அடுக்குமொழிகள் அணிவகுத்தன. தலைமை தாங்குவோர், முன்னிலை வகிப்போர், நன்றி நவில்வோர் பெயர்கள் பெரிய எழுத்துகளில் மின்னின. நாளும் நேரமும் இடமும் அடியில் ஒரு மூலையில் ஒடுங்கிக் கிடந்தன.

விருந்தன்று இலைகளில் பாதி வெறுமையாகவே கிடந்தன. ஊர்க்கோடியில் வாழ்வோர் ஒருவரும் வரவில்லை. மறுநாள் அங்குள்ள முதியவர் ஒருவரைக் கண்டு காரணம் வினவினேன்.

"நோட்டீசில் பெரியவர்கள் பெயரெல்லாம் இருந்தது, தம்பி. எங்களைக் கூப்பிட்டு ஒரு சொல்லும் இல்லையே!" என்றார்.

நான் தலைகுனிந்தேன். எவரோடு சேர்ந்து உண்ண விரும்பினோமோ, அவரையே அழைக்க மறந்திருந்தேன்!

மறு ஆண்டு என் எழுதுகோலை அடக்கினேன். ஏ4 தாள் ஒன்றை நான்காக வெட்டினால், 105 மி.மீ. அகலமும் 148 மி.மீ. உயரமும் உள்ள நான்கு அறிக்கைகள் கிடைக்கும். அச்சிறு தாளில் ஆரவாரத்திற்கு இடம் ஏது? 'சேர்ந்து உண்போம், எல்லாத் தெருவினரும் வருக' என்பதைப் பெரிய எழுத்தில் அமைத்தேன். அதன்கீழ் நாள், நேரம், இடம். சுற்றிலும் கண்ணுக்கு இதமான வெற்றிடம். அவ்வளவே. ஊர்க்கோடியிலும் வீடுதோறும் சென்று எங்கள் கையாலேயே கொடுத்தோம்.

அன்று பந்தியில் இடம் போதவில்லை. அம்முதியவர் என் அருகில் அமர்ந்து உண்டார்.

இன்றும் அறிக்கை எழுதி முடித்ததும் என்னை நானே கேட்டுக்கொள்வேன்: இதைப் படிப்பவர், 'என்னை அழைக்கிறார்கள்' என்று உணர்வாரா?