அடைக்காத கூரை

சேலத்திலிருந்து நாமக்கல்லுக்குப் போகும் நெடுஞ்சாலையில், லாரிப் பட்டறைகளும் பாடி கட்டும் கூடங்களும் நெருங்கத் தொடங்குகிற இடத்தில், வேப்பமரத்தை ஒட்டிப் போடப்பட்ட ஒரு தகரக் கொட்டகையில், டயர் கழற்றி மாட்டுவதையே நாற்பது வருஷமாக ஜீவனோபாயமாகக் கொண்டிருக்கும் பெரியவர் ஒருவரோடு ஒரு பகல் முழுவதும் உட்கார்ந்திருக்கும் பாக்கியம் எனக்குக் கிடைத்தது. வாசலில் தொங்கிய பழைய டயரின் மேல் வெள்ளைப் பெயிண்டால் ‘வல்கனைசிங்’ என்று எழுதியிருந்தது. ரப்பரைக் கந்தகத்தோடு சேர்த்துச் சூடேற்றினால் அது வெயிலில் இளகாமலும் குளிரில் விறைக்காமலும் நிலைபெறும் என்பதை 1839-இல் அமெரிக்கரான சார்லஸ் குட்இயர் கண்டறிந்தார். ரோமானியர் வணங்கிய அக்கினி தேவனாகிய வல்கனின் நாமத்தை அந்த முறைக்குச் சூட்டினார்கள். அந்தத் தேவனின் பெயரை நம் சாலையோரங்களில், பெரும்பாலும் எழுத்துப் பிழையோடு, காணும்போதெல்லாம் எனக்கு மனம் நிறைகிறது.

காலை பத்து மணி சுமாருக்கு, சங்ககிரியிலிருந்து சிமெண்டு ஏற்றிக்கொண்டு பத்துச் சக்கர லாரி ஒன்று வந்து நின்றது. “ஏனுங்ணா, பின்னால வண்டி ஒரு பக்கமா இழுக்குதுங்க, என்னன்னு பாருங்க” என்று சொல்லிக்கொண்டே டிரைவர் இறங்கினார். பெரியவர் குனிந்தும் பாராமல், இரும்புத் தடியொன்றால் பின்சக்கரங்களை ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டு போனார். காற்று நிறைந்த டயர் தடியைத் துள்ளவைத்து ‘டங்’கென்று பதில் சொல்கிறது, காற்றிழந்ததோ ‘தொப்’பென்று தடியை வாங்கிக்கொள்கிறது. இரட்டைச் சக்கரத்தில் உள்ளிருப்பது காற்றிழந்தாலும் வெளியிலிருப்பது அதன் பாரத்தையும் சேர்த்துத் தாங்கி நிற்பதால், பார்ப்பவர் கண்ணுக்கு எளிதில் புலப்படாது. “உள் டயர் போயிருச்சுங்க” என்று அவர் தடியைக் கீழே வைத்தபோது, நாற்பது வருஷப் பயிற்சி ஒரு மனிதரின் செவியில் எப்படிக் குடியேறுகிறது என்பதை நான் பிரத்தியட்சமாகக் கண்டேன்.

சக்கரம் தரையில் ஊன்றியிருக்கும்போதே நட்டுகளை இளக்கி, பிறகு ஜாக்கி கொடுத்து, வெளிச் சக்கரத்தையும் உள் சக்கரத்தையும் கழற்றி உருட்டி வந்தார்கள். ரிம்மோடு சேர்ந்து ஏறத்தாழ நூறு கிலோ எடையுள்ள அந்தச் சக்கரத்தை, உதவிக்கு இருந்த இருபது வயது இளைஞன் முழங்காலால் அணைத்துத் தரையில் கிடத்திய லாகவம் கண்ணுக்கு அழகுதான். ஆனால் அது முதுகெலும்பைக் கேட்கும் அழகு. பெரியவர் நிமிரும்போதெல்லாம் இடுப்பில் கை ஊன்றிக்கொண்டதை நான் கவனிக்காமலில்லை.

டியூப் போட்ட 10.00-20 அளவு டயருக்குரிய இந்த ரிம் ஒரே துண்டாக அமைந்ததன்று. டயரை ஒரு பக்கமாக நுழைத்து, அது நழுவாதபடி ஒரு வளையத்தைப் பொருத்தி, அந்த வளையத்தை நிறுத்தி வைப்பதற்காக ‘லாக் ரிங்’ என்னும் வெட்டு விட்ட எஃகு வளையத்தை ரிம்மின் பள்ளத்தில் பதிக்கிறார்கள். சதுர அங்குலத்துக்கு 100 பவுண்டுக்கு மேற்பட்ட அழுத்தத்தில் அடைபட்ட காற்று, பல டன் பலத்தோடு இடைவிடாமல் பக்கவாட்டில் தள்ளிக்கொண்டிருக்க, அத்தனையையும் தடுத்து நிற்பது இந்த ஒரு வளையந்தான். பள்ளத்தில் துரு ஏறி அது சரியாக உட்காராமற்போனாலோ, காற்று முழுவதும் இறங்குமுன் நெம்பிவிட்டாலோ, அது பீரங்கிக் குண்டைப் போலத் தெறிக்கும். எதிரே நிற்பவர் பிழைப்பது துர்லபம்.

“பஞ்சரான டயர்தானுங்களே” என்று கடப்பாரையை எடுத்த இளைஞனைப் பெரியவர் தடுத்தார். “பஞ்சரானாலும் காத்து மிச்சம் இருக்கும் கண்ணு. பொறு.” வால்வின் பின்னைக் கழற்றி, சீறல் அடங்கிய பின்னும் திருப்தியடையாமல், மெல்லிய கம்பியொன்றை வால்வுக்குள் விட்டு, மண் ஏதேனும் அடைத்துக்கொண்டு உள்ளே காற்றை நிறுத்தியிருக்கிறதா என்று சோதித்தார். அதன் பிறகே கடப்பாரை எழுந்தது.

கொட்டகையின் தகரக் கூரையில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கிழிசல் உண்டு. பல வருஷங்களுக்கு முன், அவசரமான ஒரு மாலைப் பொழுதில், கோணிய லாக் ரிங்கைத் தட்டிச் சரிசெய்து போட்டுக் காற்றடித்தபோது, அது எகிறிக் கூரையைக் கிழித்துக்கொண்டு பின்புறத்துச் சோளக்காட்டில் போய் விழுந்ததாம். ஏன் அதை அடைக்கவில்லை என்று கேட்டேன். “அடைச்சுப் போட்டா மறந்து போயிருமுங்க” என்றார். அதற்குப் பிறகுதான், ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டிகளின் பழைய குழாய்களை வெல்டிங் வைத்து, சக்கரத்தை உள்ளே நிறுத்திக் காற்றடிப்பதற்கு ஓர் இரும்புக் கூண்டைத் தம் செலவில் செய்து வைத்திருக்கிறார். நான் பார்த்த சாலையோரக் கடைகளில் இத்தகைய கூண்டு மிக அபூர்வம். இந்தக் கைகளை நம்பி இரவும் பகலும் சரக்கை ஓட்டுகிற முதலாளிமாருக்கும், இவர்கள் மாட்டித் தருகிற டயர்களை விற்கிற வியாபாரிகளுக்கும், கடைக்கொரு கூண்டு தருவது தாங்கவொண்ணாத செலவென்று நான் நம்பவில்லை. அதைத் தராதிருப்பது அநீதி என்றே சொல்வேன்.

டியூபைத் தண்ணீர்த் தொட்டியில் அமிழ்த்திக் குமிழி கண்டு, தேய்த்து, ஒட்டுப் போட்டுச் சூட்டில் அழுத்திய வேலை கால் மணியில் முடிந்தது. அதைவிட அதிக நேரம் அவர் டயரோடு செலவழித்தார். தோள்வரை கையை உள்ளே விட்டு, கண்களை மூடி, விரல் நுனிகளால் உட்சுவரைத் தடவிக்கொண்டே வந்தவர் ஓரிடத்தில் நின்றார். வெளியே ‘பட்டன்’ என்னும் ரப்பர்க் கட்டைகளின் இடுக்கில் தலை மறைந்து புதைந்து, உள்ளே ஊசிமுனையளவே நீட்டிக்கொண்டிருந்தது ஓர் ஆணி. குறட்டால் பிடுங்கி என் கையில் வைத்தார். இன்னும் வெதுவெதுப்பாக இருந்தது.

கூண்டுக்குள் நிறுத்தி, எட்டி நின்று காற்றடித்து, சக்கரங்களை மாட்டி முடித்ததும், “அம்பது கிலோமீட்டர் போயி நிறுத்தி, நட்டை ஒரு தடவை முறுக்கிப் பாத்துக்கங்க” என்று டிரைவரை அனுப்பிவைத்தார். அந்த இடத்திலேயே அடுத்த லாரி வந்து நின்றது. சக்கரத்தைக் கழற்றிக் கிடத்திய இளைஞன், யாரும் சொல்லாமலே, வால்வின் பின்னை எடுத்துவிட்டு, தரையில் கிடந்த அந்த மெல்லிய கம்பியைத் தேடினான். ஆறிப்போயிருந்த டீயைப் பெரியவர் அப்போதுதான் கையில் எடுத்தார்.