எட்டயபுரத்தில் இரண்டு நாள்

கோடை விடுமுறை வந்துவிட்டால் பள்ளிக்கூட வாத்தியார்களுக்குக் காலில் சக்கரம் முளைத்துவிடுகிறது. கையில் பணம் உள்ளவர்கள் கொடைக்கானலுக்கும் உதகமண்டலத்துக்கும் போகிறார்கள். பணம் குறைந்தவர்கள் சிநேகிதர்கள் இருக்கும் ஊர்களுக்குப் போகிறார்கள். நாம் இரண்டாவது ஜாதி. இந்த வருஷம் திருச்செந்தூரில் கடலாடிவிட்டு, நெல்லையப்பரையும் தரிசித்த பிறகு, கல்லூரியில் நம்முடன் சரித்திரம் படித்த சிநேகிதர் ஒருவரைப் பார்க்க எட்டயபுரத்துக்குப் புறப்பட்டோம். "வைகாசி வெயிலில் கரிசல் காட்டுக்கா?" என்று திருநெல்வேலியில் கேட்டவர்கள் எல்லாரும் நம்மை அனுதாபத்துடனேயே பார்த்தார்கள்.

திருநெல்வேலியிலிருந்து கோவில்பட்டிக்குப் போகும் பெருவழியில் ஏறக்குறையப் பாதி தூரத்தில் கயத்தாறு வருகிறது. 1799-ஆம் வருஷம் அக்டோபர் மாதம் கும்பினியார் வீரபாண்டியக் கட்டபொம்மனைத் தூக்கிலிட்ட ஊர் அது. நடிகர் சிவாஜி கணேசன் அங்கே நிலம் வாங்கி அந்த வீரனுக்குச் சிலை நிறுவினார். பஸ்ஸில் நமக்கு முன் ஆசனத்தில் இருந்த ஒரு தகப்பனார் தம் பையனுக்கு அந்த இடத்தைச் சுட்டிக் காட்டி, "காட்டிக் கொடுத்தவன் எட்டப்பன்; மறந்துவிடாதே" என்றார். பையன் சிறிது நேரம் கழித்து நம் பக்கம் திரும்பி, "நீங்கள் எந்த ஊருக்குப் போகிறீர்கள்?" என்று கேட்டான். "எட்டயபுரம்" என்றோம். அதற்குமேல் அவன் நம்மோடு பேசவில்லை.

கோவில்பட்டியில் கடலை மிட்டாய் வாங்கிக்கொண்டு வேறு பஸ் ஏறினோம். அங்கிருந்து கிழக்கே சுமார் 15 கிலோ மீட்டர். வழி நெடுக இருபுறமும் கறுத்த மண். கோடையில் அந்த மண் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கிறது. வெடிப்பில் கை நுழையும். இங்கே ஆற்றுப் பாசனம் கிடையாது. ஐப்பசி கார்த்திகையில் வானம் பெய்தால் பருத்தி, கம்பு, சோளம், உளுந்து, பாசிப்பயறு. பெய்யாவிட்டால் வெறும் காடு. வயலைக் 'காடு' என்றே இவ்வூரார் சொல்கிறார்கள். பனைகளும் வேம்புகளும் உடைமரங்களுந்தான் கண்ணுக்குக் குளிர்ச்சி.

சிநேகிதர் பட்டணத்து உத்தியோகத்தை விட்டுவிட்டு, வயதான தாயாரையும் சிறிது கரிசல் நிலத்தையும் பார்த்துக்கொண்டு சொந்த ஊரிலேயே இருக்கிறார். "வாரும், வாரும்! வெயிலையும் கூடவே அழைத்துக்கொண்டு வந்தீரோ?" என்று வரவேற்றார். தாயார் ஒரு செம்பு நிறையப் பதநீர் கொடுத்தார்கள். இராத்திரி கம்பங்கூழும் மோர்மிளகாயும் சீனியவரைக்காய் வற்றலும் கிடைத்தன. கொடைக்கானல் ஹோட்டல்களில் இந்த விருந்து எவ்வளவு பணம் கொடுத்தாலும் கிடைக்காது.

சாப்பிட்டு முடிந்ததும் சிநேகிதர் தம் மனக்குறையை வெளியிட்டார். அவருடைய பெண் திருநெல்வேலியில் ஒரு கல்லூரியில் படிக்கிறாள், கெட்டிக்காரி. ஆனால் யாராவது ஊரைக் கேட்டால், "கோவில்பட்டிப் பக்கம்" என்று சொல்லிவிடுகிறாளாம். விடுதிக்கு வந்த முதல் நாளே உண்மையைச் சொல்லியிருக்கிறாள். மறுநாள் யாரோ ஒருத்தியின் ரகசியம் வெளியாகிவிட்டது. உடனே எல்லாரும், "எட்டப்பன் ஊர்க்காரி இருக்கும்போது வேறு யாரைத் தேடுவது?" என்று சிரித்திருக்கிறார்கள்.

"சொந்த ஊர்ப் பெயரை மறைக்கிற பிள்ளையை நான் பெற்றேனே! நீர் வாத்தியார் ஆயிற்றே, இவளுக்குப் புத்தி சொல்லும்" என்றார் சிநேகிதர்.

பெண் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தாள். ஊரைப் பார்க்காமல் ஊரைப் பற்றிப் புத்தி சொல்லுவது எப்படி? "நாளைக்கு நீயே எங்களுக்கு ஊரைச் சுற்றிக் காட்டு, அம்மா. புத்தியை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்" என்றோம்.

மறுநாள் சனிக்கிழமை. எட்டயபுரத்தின் ஆட்டுச் சந்தை சனிக்கிழமைதோறும் கூடுவது. விடியும் முன்பே வண்டி வண்டியாக ஆடுகள் வந்து இறங்குகின்றன. செம்மறியும் வெள்ளாடும், தரகரும் வியாபாரியும், புழுதியும் கூச்சலுமாக அந்தக் காட்சியை நின்று பார்த்தோம். வெயில் ஏறுமுன் பெண் எங்களை அங்கிருந்து கிளப்பிவிட்டாள்.

முதலில் உமறுப் புலவர் அடங்கியிருக்கும் இடத்துக்கு அழைத்துப் போனாள். நபிகள் நாயகத்தின் வரலாற்றை ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட தமிழ்ப் பாடல்களால் சீறாப்புராணமாகப் பாடிய மகாகவி அவர். எட்டயபுரம் அரண்மனைப் புலவராயிருந்த கடிகைமுத்துப் புலவரிடம் தமிழ் கற்றவர். குரு ஹிந்து, சிஷ்யர் முஸ்லிம், இருவரையும் ஆதரித்தது ஒரே அரண்மனை. காவியத்துக்குக் கீழக்கரை வள்ளல் சீதக்காதியின் ஆதரவும் கிடைத்தது. நாங்கள் போன சமயம் ஒரு கிழவர் வாசலைப் பெருக்கிக்கொண்டிருந்தார். பெண்ணைப் பார்த்து, "விருந்தாளியா, தாயி?" என்று கேட்டுவிட்டு, எங்களுக்கு நிழலில் இடம் காட்டினார்.

அடுத்தது முத்துசுவாமி தீட்சிதரின் சமாதி. சோழ நாட்டுத் திருவாரூரில் பிறந்த தீட்சிதர் இந்தக் கரிசல் மண்ணுக்கு ஏன் வந்தார்? அவருடைய தம்பி பாலுசுவாமி தீட்சிதர் இங்கே ஆஸ்தான வித்வானாக இருந்தார். தம்பியைத் தேடி வந்த தமையனார் 1835-ஆம் வருஷம் தீபாவளியன்று இவ்வூரிலேயே உயிர் நீத்தார். அந்தப் பரம்பரையில் வந்த சுப்பராம தீட்சிதர் தொகுத்த 'சங்கீத சம்பிரதாய பிரதர்சினி' என்ற பெருநூல், 1904-இல் இவ்வூர் அச்சுக்கூடத்திலேயே அச்சாயிற்று. தீட்சிதரின் கிருதிகள் ஸ்வரப்படுத்தப்பட்டு இன்றைக்கும் நமக்குக் கிடைப்பதற்கு அந்த நூல் ஒரு முக்கியமான காரணம். கோடைப் பகலில் சமாதி நிசப்தமாக இருந்தது. வேப்பமரத்தில் ஒரு காக்கை கரைந்தது. அதையும் சங்கீதமாகவே எண்ணிக் கேட்டோம்.

பிறகு பாரதியார் பிறந்த வீடு. 1882-ஆம் வருஷம் டிசம்பர் மாதம் 11-ஆம் தேதி சுப்பையா என்ற குழந்தை பிறந்த வீடு இப்பொழுது நினைவில்லமாக இருக்கிறது. தகப்பனார் சின்னசுவாமி ஐயர் இந்தப் பருத்திச் சீமையில் ஆலை வைக்க முயன்று, கைப்பொருளை இழந்து, 1898-இல் காலமானார். பையனுக்கோ பதினோராம் வயதிலேயே இவ்வூர்ச் சபையில் 'பாரதி' என்ற பட்டம் கிடைத்தது. அரண்மனையில் வேலையும் கிடைத்தது. ஆனால் அரண்மனை வேலை அந்த மனத்துக்குப் போதுமா? 1904-இல் அதை விட்டு மதுரை சேதுபதி உயர்நிலைப் பள்ளியில் சில மாதம் தமிழாசிரியராக இருந்துவிட்டுச் சென்னைக்குப் போய்ப் பத்திரிகை உலகில் புகுந்தார். சில மாதமே ஆனாலும் அவர் நம் வர்க்கத்தில் இருந்தார் என்பதில் வாத்தியார்களாகிய நமக்குத் தனிப் பெருமை.

ஊரில் எழும்பி நிற்கும் பாரதி மணிமண்டபத்தைப் பற்றி நம் நேயர்களுக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பேராசிரியர் கல்கி தம் பத்திரிகையில் வேண்டுகோள் விடுத்தார். தமிழர்கள் பணம் அனுப்பினார்கள். 1945-இல் ராஜாஜி அடிக்கல் நாட்டினார். 1947-இல், தேசம் விடுதலை பெற்ற சில வாரங்களுக்கெல்லாம், மண்டபம் திறக்கப்பட்டது. அரசாங்கம் கட்டித் தந்ததன்று, ஜனங்கள் கட்டியது.

பழைய அரண்மனையை வெளியிலிருந்து பார்த்துவிட்டு வீடு திரும்பினோம். 1948-ஆம் வருஷத்துச் சட்டத்தால் ஜமீன்கள் ஒழிந்துவிட்டன. காரை உதிர்ந்த சுவர்கள் வெயிலில் நின்றுகொண்டிருந்தன.

அன்றிரவு மொட்டை மாடியில் சம்பாஷணை ஆரம்பமாயிற்று. சிநேகிதர் சரித்திரம் படித்தவர் அல்லவா? வக்கீலைப் போல வாதாடினார். "எட்டப்பன் என்பது ஓர் ஆளின் பெயரன்று, தலைமுறை தலைமுறையாக வந்த பட்டம். சந்திரகிரியில் இவ்வம்சத்து முன்னோர் ஒருவர் ஒரு மல்லனை வென்று கொன்றார். திக்கற்று நின்ற அவன் தம்பிமார் எட்டுப் பேரையும் தாமே தகப்பனாக இருந்து காப்பாற்றினார். அதனால் வந்த பட்டம் என்று கதை சொல்லுவார்கள். அநாதைகளைக் காத்த பெயர் துரோகியின் பெயராகிவிட்டதே! கட்டபொம்மன் பிடிபட்டது இங்கேயா? புதுக்கோட்டைச் சீமையில் அல்லவா? பாஞ்சாலங்குறிச்சிக்கும் எட்டயபுரத்துக்கும் எல்லைத் தகராறு வெகு காலமாக இருந்தது. 1959-இல் சினிமாப் படம் வந்தது. அத்துடன் எங்கள் ஊர் தீர்ந்தது!" என்றார்.

நாம் பாதியை ஒப்புக்கொண்டோம். மறு பாதியை ஒப்புக்கொள்ளவில்லை. "1799-இல் எட்டயபுரத்துப் படை பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டை முன்னால் கும்பினியார் பக்கத்தில் நின்றதா, இல்லையா? யுத்தம் முடிந்த பிறகு பாஞ்சாலங்குறிச்சிக் கிராமங்களில் ஒரு பகுதி எட்டயபுரத்துக்குப் பரிசாக வந்ததா, இல்லையா?" என்று கேட்டோம். சிநேகிதர் பதில் சொல்லவில்லை. பெண் எங்கள் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

அதுவரை பேசாமல் பனையோலை விசிறியை வீசிக்கொண்டிருந்த தாயார் வாயைத் திறந்தார்கள். "யாரோடு சேரலாம் என்று பாளையக்காரர் கரிசலை உழுதவனைக் கேட்டா முடிவு பண்ணினார்? தறி நெய்தவனைக் கேட்டாரா? ஆடு மேய்த்தவளைக் கேட்டாரா? கேட்காமல் செய்த காரியத்துக்கு என் பேத்தி ஏன் தலை குனிய வேண்டும்?"

இரண்டு சரித்திரப் பட்டதாரிகளும் வாயடைத்துப் போனோம். எழுத்து வாசனை அதிகமில்லாத அந்த அம்மாள் விஷயத்தின் வேரைப் பிடித்துவிட்டார்கள். ராஜாக்கள் செய்த நன்மைக்கு ஊரார் வரி கொடுத்தார்கள். அவர்கள் செய்த தீமைக்கும் ஊரார் பழி சுமக்க வேண்டுமா? தீட்சிதரையும் உமறுப் புலவரையும் காட்டி 1799-ஐ மறைப்பது தவறு. 1799-ஐக் காட்டி இவர்களை மறைப்பதும் தவறு. பாரதி பிறந்ததும் இந்த மண்ணில்தான்.

பெண் மெதுவாகக் கேட்டாள்: "கேட்டால் இனிமேல் சொல்லிவிடுகிறேன், மாமா. ஆனால் அவர்கள் சிரித்தால்?"

"சிரித்து முடிக்கட்டும், நீ காத்திரு. அப்புறம், தீட்சிதர் எந்த ஊரில் அடங்கினார், சீறாப்புராணம் பாடியவர் எந்த ஊரில் துயில்கிறார் என்று கேள். 1799-ஐப் பற்றிக் கேட்டால் அதையும் ஒளிக்காமல் சொல்."

"அதற்குள் மணி அடித்துவிடுமே!" என்றாள் அவள். ஆச்சியும் பேத்தியும் சேர்ந்து சிரித்தார்கள்.

எட்டயபுரம் மலைவாசஸ்தலமன்று, நீர்வீழ்ச்சியும் இல்லை. வெயிலுக்கு அஞ்சுகிறவர்கள் மழைக்குப் பின், கரிசல் முழுவதும் பச்சை விரித்திருக்கும் கார்த்திகை மார்கழியில் போகலாம். டிசம்பர் 11-ஆம் தேதியை ஒட்டிப் போனால் பாரதி பிறந்த நாளையும் அவர் பிறந்த ஊரிலேயே கொண்டாடலாம். கோவில்பட்டி ரயில் நிலையத்தில் இறங்கினால் பஸ்ஸுக்குக் குறைவில்லை. குழந்தைகளை அவசியம் அழைத்துச் செல்லுங்கள். கோள் சொல்லும் பையனை 'எட்டப்பன்' என்று அழைக்கும் வழக்கம் நம் பள்ளிக்கூடங்களில் இருக்கிறது. அந்தச் சொல் ஒரு பெண்ணின் ஊர்ப் பெயரையே அவள் வாயில் வர முடியாமல் செய்தது என்பதை அவர்கள் அங்கே போய்த் தெரிந்துகொள்ளட்டும்.