கணக்கில் வராத காற்று

நெய்வேலி என்றதும் நம்மில் பலருக்கும் நினைவுக்கு வருபவை பழுப்பு நிலக்கரியும் மின்சாரமுமே. 1957-ஆம் ஆண்டு மே 20-ஆம் நாள் பிரதமர் நேரு இங்கே சுரங்கப் பணியைத் தொடங்கி வைத்தார். 1961 ஆகஸ்டில் நிலக்கரி கண்ணில் பட்டது. 1962-இல் சோவியத் நாட்டின் துணையோடு எழுந்த அனல்மின் நிலையம் மின்சாரம் தரத் தொடங்கியது. அந்த முதல் நிலையம் தன் நெடும்பணியை முடித்து 2020-இல் ஓய்வு பெற்றுவிட்டது. பின்வந்த நிலையங்கள் பணியைத் தொடர்கின்றன. இந்நகரம் இரும்பையும் நிலக்கரியையும் மட்டுமல்ல, ரப்பரையும் நம்பி நிற்கிறது என்பதை, இங்கே ஒரு நாள் தங்க நேர்ந்தபோது அறிந்துகொண்டோம்.

சென்னையிலிருந்து ஏற்காட்டுக்கு இரண்டு மோட்டார் சைக்கிள்களில் புறப்பட்டிருந்தோம். நெய்வேலியையும் பார்த்துவிடலாம் என்ற ஆவலில் விக்கிரவாண்டியில் தஞ்சாவூர்ச் சாலையில் திரும்பினோம். பண்ருட்டியைத் தாண்டி முந்திரித் தோப்புகளுக்கு நடுவே வந்துகொண்டிருந்தபோது, பன்னிரண்டு ஆண்டு பழையதான எங்கள் வண்டி ஒன்றின் போக்கு மாறியது. முறுக்கிய கையை விட்டாலும் இயந்திரத்தின் வேகம் உடனே தணியவில்லை. சிறிது நேரம் ஓங்கியே நின்று பிறகு இறங்கியது. வண்டியை நிறுத்தினால், ஓட்டம் ஏறுவதும் இறங்குவதுமாகத் தடுமாறியது. சரிவில் இறங்கும்போது புகைக்குழாயில் படபடவென்ற வெடிப்பொலி. வண்டி ஓடாமல் போய்விடவில்லை. ஓடிக்கொண்டே தன் குறையைச் சொல்லிக்கொண்டிருந்தது.

வளைவு வாயிலைக் கடந்து நகரியத்துக்குள் நுழைந்தபோது பிற்பகலாகிவிட்டது. வெளியே வெயிலும் புழுதியும். உள்ளே இருபுறமும் மரங்கள் கவிந்த நேரான சாலைகள். வட்டங்களாகப் பிரிக்கப்பட்ட இவ்வூரில் முகவரி கேட்டால் தெருப்பெயர் சொல்லமாட்டார்கள். வட்டத்தின் எண்ணைத்தான் சொல்வார்கள். பள்ளி விட்டு வரும் பிள்ளைகளும், பணிநேரம் முடிந்து மிதிவண்டியிலும் மோட்டார் சைக்கிளிலும் திரும்பும் தொழிலாளர்களும் அச்சாலைகளுக்கு உயிர் ஊட்டினர். சோலை போன்ற இந்நகரியத்துக்காகவும் சுரங்கத்துக்காகவும் தங்கள் வயலையும் வீட்டையும் விட்டுப்போன கிராமத்தாரின் நினைவும் எங்களுக்கு வராமலில்லை.

விசாரித்ததில், மந்தாரக்குப்பம் செல்லும் வழியில் ஒரு தகரக் கொட்டகையைக் காட்டினார்கள். அங்கிருந்த மெக்கானிக் நரைத்த தலையர், நிதானமானவர். திருவொற்றியூரில் உருவான புல்லட்டுகளில் பழையன இரண்டு அவர் கொட்டகையில் நின்றன. எங்கள் வண்டியை இயக்கச் சொல்லி, கண்ணை மூடிக் கேட்டார்.

“சார், எங்கேயோ காற்று இழுக்கிறது. ரப்பரைப் பார்க்க வேண்டும்” என்றார்.

கார்புரேட்டரின் பணியை அவர் எங்களுக்கு விளக்கிய விதம் எளிமையானது. பெட்ரோல் எரிய வேண்டுமானால் அதற்கு உரிய அளவு காற்று வேண்டும். எடைக்கணக்கில் ஒரு பங்கு பெட்ரோலுக்கு ஏறத்தாழ 15 பங்கு காற்று. இந்தக் கணக்கைப் பார்த்துக் கலந்து கொடுப்பதே கார்புரேட்டரின் வேலை. அதற்கு முன்னால் காற்றை வடிகட்டும் ஏர் ஃபில்டர். பின்னால் எஞ்சின் ஹெட். பழைய புல்லட்டுகளில் கார்புரேட்டரை ஹெட்டோடு போல்ட் வைத்து நேரே பிணைத்திருந்தார்கள். பிற்காலத்து வண்டிகள் பலவற்றில், எஞ்சினின் சூடும் அதிர்வும் கார்புரேட்டரைத் தாக்காதபடி, இரண்டுக்கும் இடையே குட்டையான ரப்பர்க் குழாய் ஒன்றை வைத்தார்கள். மெக்கானிக்குகள் அதை ‘மேனிபோல்டு’ என்கிறார்கள். ஏர் ஃபில்டர் பக்கம் இன்னொரு ரப்பர் ஹோஸ் உண்டு.

இந்த இரண்டு ரப்பர்களும் பார்வைக்கு ஒன்றுபோல் இருந்தாலும், அவை கெட்டால் விளையும் தீமைகள் வெவ்வேறானவை. எஞ்சின் பக்கத்து ரப்பரில் வெடிப்பு விழுந்தால், கார்புரேட்டரின் கணக்கில் வராத காற்று அதன் வழியே நுழைகிறது. பெட்ரோல் குறைந்து காற்று மிகுந்த கலவை எரியும்போது இயந்திரம் அளவுக்கு மீறிச் சூடாகலாம். சுமையோடு நெடுந்தூரம் ஓட்டினால் பிஸ்டனுக்கே ஆபத்து. ஃபில்டர் பக்கத்து ஹோஸ் வெடித்தாலோ, வடிகட்டப்படாத புழுதி உள்ளே புகுந்து பிஸ்டன் வளையங்களையும் சிலிண்டர் சுவரையும் அரத்தைப் போல் அராவிவிடும். முன்னது சூட்டால் கெடுக்கும். பின்னது தேய்மானத்தால் கெடுக்கும். இரண்டுமே வெளியே தெரியாமல் நடப்பவை.

புழுதியைப் பற்றிப் பேசும்போது பெரியவரின் குரலில் அழுத்தம் கூடியது. நெய்வேலியில் நிலக்கரிக்கு மேலே படிந்திருப்பது கடலூர் மணற்கல். இயந்திரங்களின் எஃகுப் பற்களையே விரைவில் மழுங்கச் செய்த கடினமான கல் அது. அதன் பொடி கலந்த காற்றில் ஓடும் வண்டிக்கு, ஹோஸில் விழும் சிறு கீறலும் சிறியதன்று.

பிறகு அவர் சோதித்துக் காட்டினார். வண்டியை மெதுவான ஓட்டத்தில் நிறுத்தி, தெளிப்பான் ஒன்றால் மேனிபோல்டைச் சுற்றிச் சிறிது தண்ணீர் தெளித்தார். ஒரு பக்கத்தில் தண்ணீர் பட்டதும் இயந்திரத்தின் ஒலி மாறியது. வெடிப்பை நீர் ஒரு கணம் அடைத்ததே காரணம். இதே சோதனைக்குச் சிலர் பெட்ரோலைத் தெளிப்பதுண்டு. சூடேறிய புகைக்குழாய்க்கு அருகில் அது தீயை வலிய அழைப்பதாகும் என்று அவர் எச்சரித்தார். அடுத்துப் பிளக்கைக் கழற்றினார். நல்ல கலவையில் எரிந்த பிளக்கின் முனை காப்பித்தூள் நிறத்தில் இருக்கும். எங்களுடையது சுண்ணாம்பைப் போல் வெளுத்திருந்தது.

இயந்திரம் ஆறிய பின் மேனிபோல்டைக் கழற்றி விரல்களுக்கு நடுவே வளைத்தார். இருந்த இடத்தில் முழுமையாகத் தோன்றிய ரப்பர், வளைத்தவுடன் வாய் பிளந்தது. கிளாம்ப் இறுக்கிய விளிம்பை ஒட்டி, உட்புறம் வரை ஓடிய வெடிப்பு. மேற்பரப்பில் தோன்றும் மெல்லிய கோடுகள் எச்சரிக்கை மட்டுமே. உட்புறம் வரை போன வெடிப்புக்கு மாற்றுவதைத் தவிர வேறு வழியில்லை.

ரப்பர் ஏன் இப்படி ஆகிறது? கன்னியாகுமரி மாவட்டத்துத் தோட்டங்களில் மரம் வடிக்கும் இயற்கை ரப்பர் பெட்ரோல் பட்டால் ஊதிப்போகும். ஆகவே பெட்ரோல் படும் இடங்களில் நைட்ரைல் போன்ற செயற்கை ரப்பரைப் பயன்படுத்துகிறார்கள். அது பெட்ரோலைத் தாங்கும். ஆனால் ஆண்டுக்கணக்கான சூட்டில் இறுகிப்போகும், காற்றிலுள்ள ஓசோன் தாக்க வெடிக்கும். இழுத்துக் கட்டப்பட்ட இடத்தில்தான் முதல் வெடிப்பு தோன்றும். இப்போது இன்னொன்றும் சேர்ந்திருக்கிறது. 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல் 2023-இல் விற்பனைக்கு வந்து, 2025-க்குள் நாடெங்கும் பரவியது. அதற்கென வடிவமைக்கப்படாத பழைய வண்டிகளின் ரப்பர்களை முன்னிலும் அடிக்கடி பார்ப்பது நல்லது.

எங்கள் வண்டிக்குரிய உதிரி அன்று அங்கே கிடைக்கவில்லை. கடலூரிலிருந்து மறுநாள் தருவிக்க வேண்டும் என்றார். அருகில் நின்ற இளைஞர் ஒருவர், “சைக்கிள் ட்யூபை வெட்டிச் சுற்றிக் கட்டிவிட்டால் ஏற்காடு போய்விடலாம், அண்ணே” என்றார். பெரியவர் சிரித்தார். “தம்பி, அந்த ட்யூப் பெட்ரோலில் ஊறி இளகும். பிய்ந்து உள்ளே போனால் என்ன செய்வாய்? சமவெளியில் நின்றால் தள்ளிக்கொண்டாவது வரலாம். மலையில், பின்னால் பஸ் வரும்போது நின்றால்?” அதற்கு மேல் யாரும் பேசவில்லை. நாங்கள் தங்க முடிவு செய்தோம்.

மறுநாள் காலை, அங்கே பணிபுரியும் நண்பர் ஒருவரின் உதவியால் அனுமதி பெற்று, சுரங்கத்தின் விளிம்பில் நின்று பார்த்தோம். கண்ணுக்கெட்டிய மட்டும் படிப்படியாக இறங்கும் மண். அடியில் கரும்பட்டையாக நிலக்கரி. மாளிகை போன்ற இயந்திரங்கள் வாளிகள் கோத்த சக்கரத்தைச் சுழற்றி மண்ணை அகழ்ந்தன. அகழ்ந்த மண்ணையும் நிலக்கரியையும் லாரிகளிலன்று, அகன்று நீண்ட ரப்பர்ப் பட்டைகளிலேயே கொண்டுசெல்கிறார்கள். இரவு பகலாக ஓடும் அப்பட்டைகளின் இணைப்புகளைச் சூடும் அழுத்தமும் கொடுத்துப் பற்றவைப்பதும், வெடிப்பு உண்டா என்று பார்த்துவருவதும் தனித் தொழில். ஓர் இணைப்பு அறுந்தால் அந்த வழி முழுவதும் நின்றுவிடும்.

நிலக்கரிப் படுகைக்கு அடியில் பெரும் நீர்த்தேக்கம் ஒன்று மேல்நோக்கி அழுத்திக்கொண்டிருக்கிறது என்றும், அந்த அழுத்தம் தணிய நீரை இடைவிடாது இறைக்காவிட்டால் சுரங்கத்தின் தரையே பிளந்துவிடும் என்றும் நண்பர் சொன்னார். கண்ணுக்குத் தெரியாத அழுத்தத்துக்கும், கண்ணுக்குத் தெரியும் ரப்பர் இணைப்புக்கும் ஒருசேரக் காவல் இருப்பது இவ்வூர்த் தொழிலாளரின் அன்றாடம். கொட்டகைப் பெரியவரின் நிதானம் எங்கிருந்து வந்தது என்பது அப்போது விளங்கிற்று.

நண்பகலில் உதிரி வந்தது. முதலில் பெட்ரோல் குழாயை அடைத்து, கார்புரேட்டரில் தங்கியிருந்ததை வடித்தார். ஹெட்டின் திறந்த வாயில் புழுதி விழாதபடி சுத்தமான துணியைச் செருகிவிட்டு, பழைய படிவைக் கீறல் விழாமல் துடைத்தார். மறவாமல் துணியை எடுத்த பின்பே, வளையத்தையும் புதிதாக வைத்து மேனிபோல்டைப் பொருத்தினார். கிரீஸோ எண்ணெயோ தடவவில்லை. வழுக்கிச் சேர்வதற்குச் சிறிது சோப்பு நீர் மட்டும். போல்ட்டுகளை ஒன்றை முழுதும் முடுக்கிவிட்டு மற்றதைத் தொடாமல், மாற்றி மாற்றிச் சிறிது சிறிதாக இறுக்கினார். கிளாம்ப் அதற்குரிய பள்ளத்தில் அமர்ந்திருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்தார். ஃபில்டர் பக்கத்து ஹோஸையும் வளைத்துப் பார்த்து, “இது இன்னும் நன்றாக இருக்கிறது” என்றார். கார்புரேட்டரின் மூடியைத் திறந்து, உள்ளே பிஸ்டனை ஏற்றி இறக்கும் மெல்லிய ரப்பர்ச் சவ்வையும் வெளிச்சத்துக்கு நேரே பிடித்து ஓட்டை தேடினார், இல்லை. இயந்திரம் சூடான பின் மெதுவோட்டத்தைச் சரிசெய்து, மீண்டும் தண்ணீர் தெளித்தார். இம்முறை ஒலி மாறவில்லை.

செலவு சில நூறு ரூபாய். பிஸ்டனும் சிலிண்டரும் போயிருந்தால் பல ஆயிரம். நடுவழியில் நின்றிருந்தாலோ, கணக்கிட இயலாதது.

விருத்தாசலம், வேப்பூர், சின்னசேலம், ஆத்தூர் வழியாகச் சேலத்தை அடைந்து, அடுத்த நாள் விடியலில் மலை ஏறினோம். இருபது கொண்டை ஊசி வளைவுகள். ஏறத்தாழ 1500 மீட்டர் உயரம். மேலே செல்லச்செல்லக் காற்று மெலிவதால் கார்புரேட்டர் வண்டி சற்றுக் கனத்து ஓடுவது இயல்பே. இயந்திரம் தடுமாறவில்லை. வளைவில் கையை விட்டதும் உடனே அடங்கியது. முறுக்கியதும் உடனே ஏறியது. எதிரே இறங்கிவந்த பேருந்துக்கு ஒதுங்கி நின்று, உடனே புறப்பட வேண்டியிருந்த ஓரிடத்தில் அதன் அருமை தெரிந்தது.

2020 ஏப்ரலில் புதிய மாசுக் கட்டுப்பாட்டு விதிகள் வந்த பின், பெரிய மோட்டார் சைக்கிள்கள் கார்புரேட்டரைக் கைவிட்டு எரிபொருள் பீய்ச்சும் முறைக்கு மாறிவிட்டன. ஆயினும் நம் வீடுகளில் பழைய வண்டிகள் இன்னும் எத்தனையோ ஓடுகின்றன. பிள்ளையை முன்னால் அமர்த்தி, மனைவியைப் பின்னால் ஏற்றிக்கொண்டு வெளியூர் புறப்படுவோர் டயரையும் பிரேக்கையும் பார்க்கிறோம். அந்தக் கைப்பிடி அளவுக் கருப்பு ரப்பரையும் ஒருமுறை வளைத்துப் பார்ப்போம். அதற்கு ஐந்து நிமிடம் போதும்.